மழை ஊரில் பூஞ்சணம்: சுவரைத் துடைப்பதற்கு முன்னும் பின்னும்

சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில் வீட்டுச் சுவரில் பூஞ்சணம் பிடிப்பது, அந்த வீட்டுப் பெண்களின் துப்புரவுக் குறையைக் காட்டுவதன்று. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள இந்தப் பகுதியில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் மழை அடித்துக் கொட்டும். மற்ற மாதங்களிலும் விடியற்காலைக் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 90 விழுக்காட்டைத் தாண்டியே நிற்கும். பூஞ்சணத்தின் வித்துகள் எல்லா வீட்டுக் காற்றிலும் மிதந்துகொண்டுதான் இருக்கின்றன. சாயம், மரம், காகிதம், படிந்த தூசி என எதுவும் அவற்றுக்கு உணவாகும். வெப்பத்துக்கும் இங்கே பஞ்சமில்லை. நம்மால் கட்டுப்படுத்தக்கூடியதாக மிஞ்சுவது நீர் ஒன்றே. ஈரம் வரும் வழியை அடைக்காமல் கறையை மட்டும் எத்தனை முறை துடைத்தாலும், அடுத்த மழைக்கு அது அதே இடத்தில் வந்து நிற்கும். ஆகவே குளோரோக்ஸ் எனும் வெளுப்புத் திரவப் போத்தலைத் தேடுவதற்கு முன் ஈரத்தைத் தேட வேண்டும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது

கறை இருக்கும் உயரமே பெரும்பாலும் காரணத்தைச் சொல்லிவிடும். தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை சாயம் உப்பி உதிர்ந்து, அதன்மேல் பூஞ்சணம் படர்ந்திருந்தால், நிலத்து ஈரம் சுவரில் ஏறுகிறது என்று பொருள். தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய பழைய லயத்து வீடுகள் பலவற்றில் அடித்தளத்துக்கும் சுவருக்கும் இடையே ஈரத்தைத் தடுக்கும் படலம் இருக்காது. பின்புறச் சாக்கடை அடைத்துக்கொண்டு தண்ணீர் சுவரோரம் தேங்கினால் நிலைமை இன்னும் மோசமாகும். கூரைத் தட்டியில் பழுப்பு விளிம்புடன் வட்டக் கறை தெரிந்தால் கூரை ஒழுகுகிறது. தகரத்தில் ஆணி அடித்த இடம் துருப்பிடித்திருக்கிறதா, ஆணிக்கு அடியில் இருக்கும் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சன்னலுக்குக் கீழே மட்டும் என்றால் சாரல். அலமாரிக்குப் பின்னாலும் கட்டிலின் தலைமாட்டிலும் வெளிச்சுவர் மூலையிலும் புள்ளி புள்ளியாகக் கறுத்திருந்தால், ஒழுக்கு எதுவும் இல்லாமலே காற்றோட்டக் குறைவினால் மட்டும் அது வந்திருக்கலாம்.

பலர் எண்ணிப் பார்க்காத காரணம் ஏர்கோன். 30 பாகை செல்சியஸ் வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்று, ஏறத்தாழ 26 பாகைக்கும் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பைத் தொட்டாலும் அங்கே நீராகப் படியும். ஓர் அறையில் இரவெல்லாம் 18 பாகையில் ஏர்கோன் ஓடினால், அந்த அறைச் சுவரின் மறுபக்கம் குளிர்ந்து வியர்க்கும். மறுபக்கத்தில் சாமி அறையோ துணி அலமாரியோ இருந்துவிட்டால், ஏர்கோன் இல்லாத அறையில்தான் பூஞ்சணம் பிடிக்கும், காரணம் யாருக்கும் விளங்காது. தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீடுகளில் இதை அடிக்கடி காண்கிறோம். ஏர்கோனை 25 அல்லது 26 பாகையில் வைத்து, கூடவே காற்றாடியைச் சுழலவிட்டால் உடலுக்கும் போதும், சுவருக்கும் நல்லது. ஏர்கோனின் நீர் வடியும் குழாய் அடைபட்டு, தண்ணீர் சுவருக்குள் இறங்குகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும்.

ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறதா, அறைக் காற்றிலிருந்து வருகிறதா என்ற ஐயம் தீராவிட்டால் ஓர் எளிய சோதனை உண்டு. சமையலுக்குப் பயன்படும் அலுமினியத் தாளில் ஒரு முழ அளவுக்குச் சதுரமாக வெட்டி, சுவரில் துடைத்து உலர்ந்த ஓரிடத்தில் வைத்து, நான்கு விளிம்புகளையும் காற்றுப் புகாதபடி ஒட்டுநாடாவால் ஒட்டி, இரண்டு நாள் அப்படியே விட்டுவிட வேண்டும். பிரிக்கும்போது சுவரைப் பார்த்த பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவரினுடையது. கூரை, குழாய், சாக்கடை ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். அறையைப் பார்த்த பக்கம் நனைந்திருந்தால் காற்றிலுள்ள ஈரமே படிகிறது. காற்றோட்டமும் பழக்கமும்தான் மாற வேண்டும். கொத்தனாரைக் கூப்பிட்டுச் செலவு செய்வதற்கு முன் இந்த இரண்டு நாள் பொறுமை வீண் போகாது.

கறையெல்லாம் பூஞ்சணமும் அன்று. செங்கல் சுவரில் வெள்ளை மாவுபோலப் பூத்திருப்பது பெரும்பாலும் உப்பு. நீர் பட்டால் கரைந்துவிடும். சாமி மேடைக்கு மேலே படிந்த கறுப்பு, விளக்குப் புகையாகவோ ஊதுவத்திப் புகையாகவோ இருக்கலாம். நீர்த்த குளோரோக்ஸ் ஒரு துளியைத் தொட்டு வைத்து ஓரிரு நிமிடம் பார்த்தால் பூஞ்சணக் கறை வெளுக்கும், புகைக்கரி வெளுக்காது. ஆனால் நிறத்தை வைத்து இது விஷப் பூஞ்சணம், அது சாதாரணப் பூஞ்சணம் என்று தரம் பிரிக்க முடியாது. கறுப்பாக இருந்தாலே உயிருக்கு ஆபத்து என்று கைப்பேசியில் சுற்றும் செய்திகளைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. பச்சையாகத்தானே இருக்கிறது என்று விட்டுவைக்கவும் கூடாது. எந்த நிறமானாலும் அகற்றும் முறை ஒன்றுதான். வீட்டளவில் ஆய்வுக்கூடச் சோதனை தேவைப்படுவது அரிது.

யார் செய்யலாம், யார் விலகியிருக்க வேண்டும்

ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் வாழ்வோருக்கு இருமல், இழுப்பு, ஆஸ்துமா போன்ற மூச்சுத் தொல்லைகள் கூடுதலாகக் காணப்படுகின்றன என்று உலகச் சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டி தெளிவாகக் கூறுகிறது. ஆகவே ஆஸ்துமா உள்ளவர்கள், கர்ப்பிணிகள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், உறுப்பு மாற்று மருந்து உட்கொள்பவர்கள் ஆகியோர் இந்த வேலையில் இறங்கக் கூடாது. வேலை நடக்கும் நேரத்தில் அவர்களும் குழந்தைகளும் வயதானவர்களும் வேறு வீட்டுக்குப் போயிருப்பது நல்லது. கறை படர்ந்த பரப்பு மொத்தம் ஒரு சதுர மீட்டருக்குள், அதாவது ஒரு கதவின் பாதி அளவுக்குள் இருந்தால் வீட்டிலுள்ளவரே துடைக்கலாம். அதற்கு மேல் பரவியிருந்தாலும், வெள்ளத்தில் சாக்கடை நீர் புகுந்த வீடானாலும், அனுபவமுள்ள ஆளை வைப்பதே முறை.

பழைய தோட்ட வீடுகளிலும் மலிவு விலை வீடுகளிலும் கூரைத் தகடோ கூரைத் தட்டியோ ஆஸ்பெஸ்டாஸ் கலந்ததாக இருக்கக்கூடும். இந்த ஒன்றை நான் அழுத்தியே சொல்வேன். அத்தகைய தகட்டில் பூஞ்சணம் பிடித்திருந்தால் அதைச் சுரண்டவோ, உப்புத்தாள் போடவோ, துளையிடவோ, அழுத்தக் குழாயால் நீர் பீய்ச்சவோ கூடாது; பூஞ்சணத்தைவிடப் பல மடங்கு கேடான நார்த்தூசி அதிலிருந்து கிளம்பும். உடையாத தகடானால் நனைத்த மென்துணியால் ஒற்றி எடுத்துவிட்டு அத்துடன் நிறுத்திக்கொள்ள வேண்டும். அதன்மேல் ஏறி நடப்பதும் ஆபத்து, ஏனெனில் பழைய தகடு எச்சரிக்கையின்றி உடையும்.

முகத்துக்கு என்95 முகக்கவசம் வேண்டும். புகைமூட்டக் காலத்தில் வாங்கி வைத்தது மிச்சம் இருந்தால், அதன் நாடா இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துப் பயன்படுத்தலாம்; சாதாரண நீல முகக்கவசத்தின் பக்கவாட்டு இடைவெளி வழியாக வித்துகள் நுழைந்துவிடும். மணிக்கட்டுக்கு மேல் வரும் ரப்பர் கையுறையும், பக்கங்கள் மூடிய கண்ணாடியும், முழுக்கைச் சட்டையும் தேவை. கறை சுவிட்சு அருகில் இருந்தாலோ சுவர் நனைந்திருந்தாலோ முதலில் மின்சார மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும்.

எதை எதோடு கலக்கக் கூடாது

பூஞ்சணத்தைப் போக்கக் கலக்கும் கலவையாலேயே மூச்சுத்திணறி மருத்துவமனைக்குப் போக நேரலாம். குளோரோக்ஸை அமிலம் எதனோடும் சேர்த்தால் குளோரின் வாயு வெளிப்படும். வினிகர் அமிலம், கழிவறை கழுவும் திரவங்களில் பல அமிலம், ரப்பர்ப் பாலை உறைய வைக்க வாங்கி வைக்கும் ஃபார்மிக் அமிலமும் அதே வகைதான், தோலையும் சுட்டுவிடும். பால்மரம் வெட்டும் குடும்பங்களில் அந்தப் போத்தல் குளியலறை ஓரத்திலேயே நிற்பதுண்டு. அதைப் பூட்டிய இடத்துக்கு மாற்றிவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவத்தோடு சேர்த்தாலும் நச்சு வாயு எழும். ஒரு நாள் வினிகர் போட்டுத் துடைத்த சுவரை நன்றாக நீரால் கழுவி உலரவிடாமல், அதன்மேல் குளோரோக்ஸ் ஊற்றுவதும் கலப்பதுதான்.

இன்னொன்று, களைக்கொல்லி தெளித்த தோம்பை, அதாவது தெளிப்புக் கலனை, கழுவிவிட்டு அதிலே குளோரோக்ஸ் ஊற்றிச் சுவருக்கு அடிக்கும் பழக்கம். தோம்பின் குழாயிலும் மூக்கிலும் தங்கிய மருந்து எத்தனை முறை கழுவினாலும் முழுவதும் போகாது. மலேசியாவில் 2020இல் தடை செய்யப்பட்ட பாராகுவாட் பழைய தோம்புகளில் ஓடியிருக்கவும் கூடும். பூட்டிய அறைக்குள் அதைப் பனிபோலத் தெளிப்பது எவ்விதத்திலும் ஏற்கத்தக்கதன்று. களைக்கொல்லி வந்த கலனில் சோப்பு நீர் வைத்துக்கொள்வதும் கூடாது.

துடைக்கும் முறை

அறைக் கதவைச் சாத்தி, கதவிடுக்கில் பழைய துணி அடைத்து, வெளியே திறக்கும் சன்னலை மட்டும் திறந்து வைக்க வேண்டும். துடைக்கும்போது காற்றாடி ஓடக் கூடாது; ஓடினால் வித்துகள் வீடெங்கும் பரவும். உலர்ந்த கறையைத் துடைப்பத்தாலோ பிரஷ்ஷாலோ தேய்ப்பதும் அதே கேட்டைத்தான் செய்யும். முதலில் சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியை, கறையின் மேல் மெதுவாக ஒற்றி ஈரமாக்க வேண்டும். பிறகு வெளிவிளிம்பிலிருந்து நடுவை நோக்கித் துடைக்க வேண்டும். நடுவிலிருந்து வெளியே துடைத்தால் நல்ல இடத்துக்கும் கறையை இழுத்துச் செல்வோம். இரண்டு வாளி வைத்துக்கொண்டு, ஒன்றில் சோப்பு நீரும் மற்றதில் அலசும் நீரும் வைத்தால் துணி அழுக்கை மீண்டும் சுவருக்குக் கொண்டுபோகாது. துணி கறுத்துவிட்டால் அலசிக்கொண்டிருக்காமல் அதை எறிந்துவிட்டு வேறு துணி எடுப்பதே மேல்.

பெரும்பாலான சுவர்களுக்கு இந்தச் சோப்பும் நீரும் உழைப்புமே போதும். செத்த பூஞ்சணமும் ஒவ்வாமையைத் தூண்டும் என்பதால், கொல்வதைக் காட்டிலும் அகற்றுவதே முக்கியம். குளியலறை ஓடு, கண்ணாடி, பிளாஸ்டிக், பீங்கான் முதலிய நீர் ஊறாத பரப்புகளுக்கு மட்டும் குளோரோக்ஸ் பயன்படும். நான்கு லிட்டர் நீருக்கு ஒரு கப், அதாவது 240 மில்லிலிட்டர், என்ற அளவைத் தாண்டத் தேவையில்லை. அன்றன்றைக்கே கலக்க வேண்டும், மறுநாளைக்கு வைத்தால் வீரியம் குறையும். சுண்ணாம்புப் பூச்சு, சிமெண்டுச் சுவர், மரம் போன்ற நீர் ஊறும் பரப்புகளில் குளோரோக்ஸ் ஊற்றுவது லாலாங் புல்லை மேலாக வெட்டிவிட்டு வேரை விட்டுவைப்பதற்குச் சமம்: நிறம் வெளுக்கும், நீர் உள்ளே இறங்கும், பூஞ்சணம் அடியில் பிழைத்துக்கொள்ளும். பித்தளை விளக்குகளின் அருகிலும் தகரத்தின் மேலும் அது பட்டால் உலோகத்தை அரித்துவிடும்.

துடைத்து முடித்த பிறகுதான் காற்றாடிக்கு வேலை. அதைச் சன்னலை நோக்கி, காற்று வெளியே போகும்படி வைத்துச் சுவரை முழுவதும் உலர்த்த வேண்டும். கையுறை, துணிகள், முகக்கவசம் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டி, அதை இன்னொரு பையில் போட்டு எறிய வேண்டும். உடுத்தியிருந்த துணிகளை மற்றத் துணிகளோடு சேர்க்காமல் தனியே துவைத்து, உடனே குளித்துவிட வேண்டும்.

எதைக் காப்பாற்றலாம் என்பதில் தயவு தாட்சணியம் பார்க்கக் கூடாது. ஈரம் குடித்து உப்பிய சிப்போர்டு அலமாரியும், உள்ளே பூஞ்சணம் ஏறிய மெத்தையும் தலையணையும் திரும்ப வாரா, எறிய வேண்டியதுதான். ரப்பர் மரத் தளவாடங்களில் மாவுச்சத்து அதிகம் என்பதால் பூஞ்சணம் எளிதில் பிடிக்கும். மேற்பரப்பில் மட்டும் என்றால் துடைத்து உலர்த்தி, வார்னிஷ் உரிந்த அடிப்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் பூச்சு கொடுத்தால் தப்பிக்கும். பருத்தித் துணிகளை வெந்நீரில் துவைத்து வெயிலில் போடலாம். பட்டுப் புடவையில் குளோரோக்ஸ் பட்டால் இழையே கெட்டுவிடும். அதை வீட்டுக்கு வெளியே, காற்று நம்மைவிட்டு விலகிப் போகும்படி நின்று, மென்மையான தூரிகையால் தட்டி, நிழலில் காற்றாட விட்டு, பிறகு உலர்சலவைக்குக் கொடுப்பதே தக்கது.

மீண்டும் வராமல் இருக்க

சன்னலை எப்போதும் திறந்து வைத்தால் நல்லது என்ற அறிவுரை குளிர்நாட்டுக்குப் பொருந்தும், நமக்கு அரைகுறையாகவே பொருந்தும். இங்கே விடியற்காலைக் காற்றுதான் மிக ஈரமானது. வெயில் ஏறி நண்பகலைக் கடந்த பொழுதில் ஈரப்பதம் 60 விழுக்காட்டை ஒட்டியும் இறங்குவதுண்டு. ஆகவே காலை பத்து, பதினொரு மணியிலிருந்து மழை கட்டும் வரை எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து வைத்து, அலமாரிக் கதவுகளையும் அந்த நேரத்தில் திறந்துவிட்டு, மழை தொடங்கியதும் சாத்துவது முறை. வேலைக்குப் போகிறவர்களுக்கு இது இயலாது என்றால், சன்னலுக்கு மேலுள்ள காற்றுத்துளைகளை அட்டை வைத்து அடைத்திருப்பதையாவது நீக்கிவிட வேண்டும். கொசுவுக்கு அஞ்சினால் வலை அடிக்கலாம். ஈரப்பத மானி ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டால் ஊகம் குறையும். 60 விழுக்காட்டுக்குள் வைத்திருப்பது இலக்கு. நம் ஊரில் நாள் முழுவதும் அது கைகூடாது என்றாலும், பகலில் சில மணி நேரம் இறங்கினாலே சுவர் உலர்ந்துகொள்ளும்.

சுவருக்கும் அலமாரிக்கும் இடையே உள்ளங்கை நுழையும் அளவுக்காவது இடைவெளி வேண்டும். ஒரு தொட்டித் துணியை வீட்டுக்குள் கொடி கட்டிக் காயவைத்தால் சுமார் இரண்டு லிட்டர் நீர் அறைக் காற்றில் கலக்கிறது. மழைக்காலத்தில் ஐந்தடித் தாழ்வாரமே அதற்கு இடம். கூரை ஒழுகியோ வாளி கவிழ்ந்தோ நனைந்த பொருளை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்திவிட்டால் பெரும்பாலும் பூஞ்சணம் வேர்பிடிக்காது. கடையில் விற்கும் ஈரம் உறிஞ்சும் டப்பா, மூடிய அலமாரிக்குள் மட்டுமே பயன் தரும். கூடத்தில் வைப்பது காசுக்குக் கேடு. வேப்பிலையும் கற்பூரமும் வாசனைக்கும் பூச்சிக்கும் ஆகுமே தவிர ஈரத்தைக் குறைக்க மாட்டா. அந்துருண்டையும் அப்படித்தான், ஜி6பிடி குறைபாடு (இரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் நொதி குறைவாக இருப்பது) உள்ள குழந்தையின் துணிகளோடு அதை வைத்தால் இரத்த அணுக்கள் சிதைந்து மஞ்சள் காமாலை வரக்கூடும் என்பதால், அத்தகைய வீட்டில் அது இருக்கவே கூடாது.

கறையின்மேல் புதுச் சாயம் அடித்து மறைப்பதைத் தீபாவளி நெருங்கும்போது பலரும் செய்கிறார்கள்; பொங்கலுக்குள் அது உரிந்து வந்துவிடும். சுவர் முற்றிலும் உலர்ந்த பிறகே பூஞ்சணத் தடுப்புச் சாயம் அடிக்க வேண்டும். நிலத்து ஈரம் ஏறும் பழைய சுவருக்கு எண்ணெய்ச் சாயத்தைவிடச் சுண்ணாம்பே மேல் என்பது என் கருத்து. புதிய சுண்ணாம்பின் கடுமையான காரத்தன்மையில் பூஞ்சணம் வளராது. சுவரின் ஈரம் வெளியேறவும் அது வழிவிடும். காற்றுப் பட்டுப் பட்டு அந்தக் காரம் குறைந்துவிடுவதால் ஆண்டுதோறும் அடிக்க வேண்டியிருக்கும். லயங்களில் முன்பு ஆண்டுக்கொரு முறை வெள்ளையடித்ததில் அழகுக்கு அப்பாலும் பயன் இருந்தது.

தோட்ட நிர்வாகத்தின் வீட்டில் குடியிருப்பவர், ஒழுகும் கூரையையும் அடைத்த சாக்கடையையும் தம் சம்பளத்தில் சரிசெய்ய வேண்டியதில்லை. தொழிலாளர் வீட்டுவசதியின் குறைந்தபட்சத் தரம் குறித்த 1990ஆம் ஆண்டின் சட்டம் 446, வீடுகளைப் பழுதின்றி வைத்திருக்கும் கடமையை முதலாளியின் மேல் வைக்கிறது. வாய்மொழியாகச் சொல்வதோடு நில்லாமல், கறையை நாளிட்டுப் படம் எடுத்து, எழுத்து மூலம் ஆபீசில் கொடுத்து, நகலில் கையொப்பம் வாங்கிக்கொள்ள வேண்டும். பதில் இல்லையென்றால் தொழிலாளர் இலாகாவுக்குப் போகலாம். உறுப்பினராக இருப்பவர் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கக் கிளையிலும் முறையிடலாம்.

பத்திரங்கள்

பிறப்புப் பத்திரமும் தாத்தா பாட்டியின் பழைய அடையாள அட்டையும் திருமணப் பத்திரமும் பிஸ்கட் டின்னுக்குள், டின் அலமாரிக்கு அடியில் என்றுதான் நம் வீடுகளில் இருக்கும். குடியுரிமைக்கு அவை எவ்வளவு தேவைப்படும் என்பதைத் தோட்டத்துக் குடும்பங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஈரத்தோடு மூடிய டின் ஈரத்தை உள்ளேயே வைத்துக்கொள்ளும். ஈரக் காகிதத்தைப் பிளாஸ்டிக் உறையிட்டு ஒட்டுவது அதைவிட மோசம், பிறகு பிரிக்கவே முடியாது.

பூஞ்சணம் பிடித்த பத்திரத்தை உடனே துடைக்கக் கூடாது. ஈரமான பூஞ்சணம் நார்களுக்குள் தேய்ந்து எழுத்தையும் கொண்டுபோய்விடும். வெயில் நேரடியாகப் படாத, காற்றோடும் இடத்தில், அச்சில்லாத வெள்ளைத் தாளின்மேல் பரப்பி முழுவதும் உலரவிட வேண்டும். ஒன்றோடொன்று ஒட்டிய தாள்களை இழுத்துப் பிரிக்காமல், உலர உலர ஓரத்திலிருந்து தாமாக விடுபடும்வரை காத்திருக்க வேண்டும். உலர்ந்து பூஞ்சணம் பொடியான பிறகு, முகக்கவசத்தோடு வெளியே சென்று, மென்மையான சாயத் தூரிகையால் எழுத்தின் போக்கிலேயே ஒரே திசையில் தட்டிவிட வேண்டும். குளோரோக்ஸ், வினிகர், நீர் எதுவும் படக் கூடாது. பிறகு ஒவ்வொரு தாளுக்கும் இடையே வெள்ளைத் தாள் வைத்து, சிலிக்கா பொட்டலங்களோடு, தரையிலிருந்தும் வெளிச்சுவரிலிருந்தும் விலகிய இடத்தில் வைத்து, மழை மாதங்களில் அவ்வப்போது திறந்து பார்க்க வேண்டும். சுவரில் மாட்டிய முன்னோர் படங்களுக்கும் இதே முறைதான். கூடுதலாகச் சட்டத்தின் பின்புறம் நான்கு மூலையிலும் தக்கைத் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்று போகும்.

எழுத்து அழிந்துவிட்ட பிறப்புப் பத்திரத்தையும் எறிந்துவிடக் கூடாது. அதில் பதிவு எண்ணின் சில இலக்கங்கள் தெரிந்தாலும் பயனுண்டு. அந்தத் தாளை உறையில் வைத்துத் தேசியப் பதிவு இலாகாவுக்கு எடுத்துச் சென்று, பதிவேட்டின்படி புதிய பிரதிக்கு விண்ணப்பிக்க வேண்டும்.